மோட்டார்ஹோமுக்குப் பின்னால் எந்தக் கார்? ராங்ளர், சிஆர்-வி, மேவரிக் ஹைப்ரிட்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மோட்டார்ஹோமுக்கு, அதாவது படுக்கை, சமையலறையோடு ஓட்டிப் போகும் வீட்டு வண்டிக்கு, பின்னால் கட்டி இழுக்க நாங்கள் வாங்கியது ஜீப் ராங்ளர். 2016 மாடல், நாலு கதவு, ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்ட். கடைசிவரை போட்டியில் நின்றவை 2014 ஹோண்டா சிஆர்-வியும் ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட்டும். ஓட்டிப் பார்த்தால் இந்த மூன்றில் மோசமான கார் ராங்ளர்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பயண நாட்களில் இந்தக் கார் பாதி நேரம் ஆளில்லாமல் இன்னொரு வண்டிக்குப் பின்னால் உருண்டுகொண்டிருக்கும். அந்தப் பாதியை வைத்துத்தான் முடிவெடுத்தோம். ஆகவே, நடுநிலையோடு எழுதுகிறேன் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

ஆர்வி என்கிற இந்த வீட்டு வண்டிகளோடு பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் மோட்டார்ஹோமை ஒரு முகாமில் நிறுத்தி, மட்டம் பார்த்து, கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் மாட்டியாகிவிட்டால் அது வீடு. தயிர் வாங்கவும் கறிவேப்பிலை தேடவும் வீட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது. போனாலும் இந்தியன் ஸ்டோர் இருக்கும் குட்டி வளாகத்தில் 29 அடி வண்டியை எங்கே நிறுத்துவது? தேசியப் பூங்காக்களில் இன்னும் சிரமம். மொன்டானாவில் கிளேசியர் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை மலைப்பகுதிக்குள் விடவே மாட்டார்கள். எங்கள் டெக்சஸிலேயே, பிக் பெண்ட் பூங்காவில் சீசோஸ் பேசினுக்கு ஏறும் சாலைக்கு 24 அடிக்கு மேற்பட்ட ஆர்விகள் வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. ஆகவே மாட்டு வண்டிக்குப் பின்னால் கன்றுக்குட்டியைக் கட்டிக் கூட்டிப்போவது மாதிரி, மோட்டார்ஹோமின் வாலில் ஒரு காரைக் கட்டி, நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறோம்.

டிரெய்லரில் ஏற்றலாமே என்றால், ஏற்றலாம். முகாமில் டிரெய்லரை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. முன்சக்கரத்தை மட்டும் தூக்கி வைக்கும் டாலி மலிவு, ஆனால் மழையில் சேற்றில் மண்டியிட்டு டயருக்குப் பட்டை கட்டி இறுக்குவது அறுபதை நெருங்கும் எனக்கு ஒத்து வராது. இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெயைச் சுற்ற வைக்கும் பம்ப்பை இன்ஜின்தான் சுழற்றுகிறது. இன்ஜின் அணைந்திருக்க, சக்கரங்கள் மட்டும் மணிக்கு அறுபது மைல் வேகத்தில் சுழன்றால், கியர்பாக்ஸின் பின்பாதி எண்ணெய் இல்லாமல் காய்ந்து சுற்றும். சில மணி நேரத்தில் கியர்பாக்ஸ் போய்விடும். மேனுவல் கியர் வண்டிகளில் பற்சக்கரங்கள் எண்ணெயில் முங்கியே சுற்றுவதால் பெரும்பாலானவற்றை இழுக்கலாம், ஆனால் அமெரிக்காவில் மேனுவல் கியர் கார் இப்போது காட்சிப்பொருள் ஆகிவிட்டது. டொயோட்டா ஆட்டோமேட்டிக்குகள் அனேகமாக எல்லாமே கூடாது. டெஸ்லா கூடாது. சுபாருவில் மேனுவல் கியருக்கு மட்டும் சரி. ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே ஒன்றை இழுக்கலாம், இன்னொன்றை இழுக்கக் கூடாது என்பதும் உண்டு. ஜீப் கிராண்ட் செரோக்கியில் நியூட்ரல் பொத்தானோடு வரும் குவாட்ரா டிராக் 2 இருந்தால் இழுக்கலாம், சாதாரண குவாட்ரா டிராக் 1 என்றால் முடியாது. விற்பவர் "ஜீப் தானே, எல்லாம் இழுக்கலாம் சார்" என்று சொல்லிவிடுவார். அந்த வருடத்து மேனுவலை எடுத்து, பொழுதுபோக்கு இழுவை என்ற தலைப்பில் நாலு சக்கரமும் தரையில் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எடை பற்றி ஒரு பத்தி போதும். எங்கள் மோட்டார்ஹோம் ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய கிளாஸ் சி வகை. தன் எடை வரம்பு 14,500 பவுண்ட், பின்னால் இழுப்பதையும் சேர்த்தால் 22,000. கழித்துப் பார்த்து 7,500 பவுண்ட் இழுக்கலாம் என்று சந்தோஷப்படக் கூடாது. இழுவைக் கொக்கியான ஹிட்ச்சில் 5,000 என்று ஒட்டியிருந்தால் 5,000தான் கணக்கு. 2014 சிஆர்-வி சுமார் 3,300 முதல் 3,550 பவுண்ட். மேவரிக் ஹைப்ரிட் ஏறத்தாழ 3,700. நாலு கதவு ராங்ளர் 4,100-லிருந்து 4,300 வரை. மூன்றும் வரம்புக்குள் வருகின்றன. எடை குறைவாக இருந்தால் மலையேறும்போது நிச்சயமாகத் தெரியும். கொலராடோ போகும் வழியில் ரடோன் கணவாயில் எங்கள் வண்டியின் வி10 இன்ஜின் போடும் சத்தத்தில் பாதி ராங்ளரின் உபயம்தான். சிஆர்-வியாக இருந்தால் கொஞ்சம் குறைவாகக் கத்தியிருக்கும்.

சரி, சிஆர்-விக்கு வருவோம். ஒரு காலத்தில் எந்த முகாமுக்குப் போனாலும் மோட்டார்ஹோம்களுக்குப் பின்னால் அதுதான் நிற்கும். காரணம் ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மற்றவர்களைப் போலக் கிரகப் பற்சக்கர அமைப்பு இல்லாமல், மேனுவல் கியர் மாதிரியே இணையான தண்டுகளில் பற்சக்கரங்களை வைத்துக் கட்டியது. அதனால் நியூட்ரலில் இழுத்தாலும் தாங்கும். 2015-ல் சிவிடி என்ற வேறு வகைக் கியர்பாக்ஸ் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. ஆகவே வாங்குவதானால் 2014 அல்லது அதற்கு முந்தையதுதான். பத்து வருடம் தாண்டிய வண்டிகள். நல்லபடியாகப் பராமரித்தது கிடைத்தால் அருமையான கார், சந்தேகமில்லை. அமைதியாக ஓடும், நெடுஞ்சாலையில் கேலனுக்கு முப்பது மைல் பக்கம் கொடுக்கும், ஊரிலிருந்து வரும் மாமியார் ஏறி இறங்க வசதி. என் மனைவியின் ஓட்டு இதற்குத்தான். "ஏங்க, இதுல உட்கார்ந்தா வீட்டு சோபா மாதிரி இருக்கு, அந்த ஜீப்புல உட்கார்ந்தா டிராக்டர் மாதிரி இருக்கு" என்றாள். மறுக்க முடியவில்லை.

ஆனால் சிஆர்-வியை இழுக்கக் கட்டும் முன் ஒரு சடங்கு உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொன்றாக நகர்த்தி, டிரைவில் ஐந்து விநாடி பிடித்து, அங்கிருந்து நியூட்ரலுக்கு வந்து, மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட வேண்டும். பிறகு அணைத்து, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியை அணைக்கும் இடத்துக்கு முந்தைய நிலையிலேயே விட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இதை மறுபடி செய்ய வேண்டும். வேகம் 65 மைலைத் தாண்டக் கூடாது. வேக வரம்பு எனக்குப் பொருட்டே இல்லை. எங்கள் வீட்டை அதற்கு மேல் ஓட்டினால் சமையலறை இழுப்பறைகள் திறந்துகொள்ளும். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனாலே 55-தான். ஆனால் சாவி அந்த நிலையில் இருக்கும் வரை பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். சிலர் ஃபியூஸைப் பிடுங்கி வைப்பார்கள், சிலர் அதற்கென்று ஒரு சுவிட்ச் போடுவார்கள், சிலர் மோட்டார்ஹோமிலிருந்து சார்ஜ் வயர் இழுப்பார்கள். எல்லாம் செய்யக்கூடியதுதான். ஆயிரக்கணக்கான பேர் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார்கள்.

இங்கேதான் என் மனம் விலகத் தொடங்கியது. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மேவரிக் ஹைப்ரிட்டைப் பற்றி நான் பேசுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். வாடகைக்கு எடுத்து ஊருக்குள் ஓட்டியிருக்கிறேன், இழுத்ததில்லை. 2022 மாடலாக வந்த குட்டி பிக்கப். ஊருக்குள் கேலனுக்கு 42 மைல் என்பது இந்தப் பட்டியலில் வேறு எதுவும் கனவில்கூட எட்ட முடியாத எண். முன்சக்கர ஓட்டமுள்ள ஹைப்ரிட்டை நாலு சக்கரமும் தரையில் வைத்து இழுக்க ஃபோர்டு அனுமதிக்கிறது. அதே மேவரிக்கில் 2.0 லிட்டர் டர்போ இன்ஜின் இருந்தால் கூடாது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கவனம். பின்னால் திறந்த தொட்டி இருப்பதால் அடுப்பு, கரி, சேறு பிடித்த காலணிகள் எல்லாம் அங்கே போகும். புது வண்டியாக வாரண்டியோடு வாங்கி இழுக்கலாம் என்பது பெரிய விஷயம். சிஆர்-வியில் அந்த வாய்ப்பே இல்லை.

தயக்கம் எங்கே என்றால், எல்லாமே மின்சாரம். கியர் ஒரு சுழலும் குமிழ். கை பிரேக் ஒரு பொத்தான். வண்டியை அணைத்தால் தானாக 'பார்க்' என்ற பூட்டு நிலைக்குப் போவதுதான் அதன் குணம். அதைத் தடுத்து நியூட்ரலில் நிற்க வைக்கும் வழியை மேனுவல் சொல்கிறது. முகாமில் பக்கத்து இடத்தில் நின்ற ஒரு கனடாக்காரர் திரையைத் தொட்டு, குமிழைத் திருப்பி எனக்குச் செய்து காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லையாம். நான் அதை நம்புகிறேன். ஆனாலும் நடு வழியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சோர்ந்துபோனால் அந்த உத்தரவு என்ன ஆகும் என்ற யோசனை என்னை விடவில்லை. முப்பது வருடம் மென்பொருளில் வேலை பார்த்தவனுக்கு மென்பொருள் மேல் வரும் அவநம்பிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கிலும் ஒரு நெளிவு உண்டு. இழுக்கப்படும் காருக்குள் ஒரு துணை பிரேக் வேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் சட்டமே கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த எடைக்குத்தான் கணக்கிடப்பட்டது, பின்னால் வரும் இரண்டு டன்னுக்கு அல்ல. ஓட்டுநர் இருக்கைக்கு முன் தரையில் வைக்கும் பெட்டி ஒன்று, நாம் பிரேக் போடும்போது காரின் பெடலை மிதிக்கும். சாதாரணக் காரில் இன்ஜின் அணைந்திருந்தால் பெடல் இறுகிவிடும், பெட்டி அதற்கேற்ற பலத்தில் அழுத்தும். ஹைப்ரிட்டுகளில் இன்ஜின் ஓடாதபோதும் பெடலுக்கு உதவி இருக்கலாம். அங்கே அதே பலத்தில் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் கிழியும். பெட்டியில் அதற்கென்று தனி அமைப்பு உண்டு. அதைச் சரியாக வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனி ராங்ளர். நிறைய எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராங்ளரில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. இன்ஜினின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதற்கென்று தனி லிவர். இரண்டு சக்கர ஓட்டம், நாலு சக்கர ஓட்டம், நியூட்ரல், மெதுவான நாலு சக்கர ஓட்டம் என்று வரிசையாக நான்கு நிலைகள். நியூட்ரலில் வைத்துவிட்டால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு முழுவதுமாக அறுந்துவிடுகிறது. கியர்பாக்ஸை பார்க்கில்தான் வைக்க வேண்டும், சக்கரங்கள் தம் பாட்டுக்கு உருளும், கியர்பாக்ஸுக்குள் எதுவும் சுற்றாது. எண்ணெய் போகிறதா, எட்டு மணி நேரம் ஆகிவிட்டதா, மூன்று நிமிடம் ஓடவிட்டோமா என்ற கேள்விகள் ஒன்றுகூட எழாது. காலையில் கட்டினால், நடுவில் எத்தனை முறை நிறுத்தி டீ குடித்தாலும், இரவு வரை காரைத் தொட வேண்டியதில்லை.

எனக்கு இந்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. ஏன் என்றால், காரைக் கட்டும் நேரம் எப்போதுமே மோசமான நேரம். காலை பதினொரு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கழிவுநீர்க் குழாயைக் கழற்றிக் கழுவி, கையுறையைக் கழற்றும்போதே அடுத்து வருபவர் தன் வண்டியோடு வந்து எதிரில் நிற்பார். பேரப்பிள்ளைக்குப் பசிக்கும். மழை வரும். பக்கத்து இடத்துக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் "எங்கிருந்து வருகிறீர்கள்" என்று பேச ஆரம்பிப்பார். நல்ல மனிதர், பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பேசி முடித்துத் திரும்பும்போது எந்தப் படியில் விட்டோம் என்பது போய்விடும். சிஆர்-வி சடங்கில் ஒரு படியை விட்டாலும் வண்டி வெளியில் ஒரு அறிகுறியும் காட்டாது. அழகாகப் பின்னால் உருண்டு வரும். முந்நூறு மைல் போன பிறகும் ஒன்றும் தெரியாது. கியர்பாக்ஸ் என்றோ ஒரு நாள், சம்பந்தமே இல்லாத இடத்தில், வீட்டு வாசலில்கூட, சறுக்க ஆரம்பிக்கும். தவறு நடந்ததற்கும் தண்டனை வருவதற்கும் நடுவில் ஒரு வருடம் இருக்கும்.

ராங்ளரிலும் ஒரு கொடிய தவறு சாத்தியம். அதை மறைக்க மாட்டேன். லிவரில் நியூட்ரலுக்குப் பக்கத்திலேயே மெதுவான நாலு சக்கர நிலை இருக்கிறது. தவறுதலாக அதில் விட்டு, கியரும் தொடர்பில் இருக்க, நெடுஞ்சாலையில் இழுத்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் தாங்க முடியாத வேகத்தில் சுழற்றப்பட்டுச் சிதறிவிடும். ஆனால் இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடச் சோதனை போதும். லிவரை நியூட்ரலில் போட்ட பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ரிவர்ஸில் வைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஐந்து விநாடி பாருங்கள். வண்டி அசையக் கூடாது. அடுத்து டிரைவில் வைத்து அதே மாதிரி. இரண்டிலும் வண்டி அசையாமல் நின்றால் டிரான்ஸ்பர் கேஸ் உண்மையாகவே நியூட்ரலில் இருக்கிறது. பிறகு அணைத்து பார்க்கில் போட வேண்டியதுதான். இந்தச் சோதனை மேனுவலிலேயே இருக்கிறது. நடுவில் யாராவது பேசி மறந்துபோனால்கூட, மறுபடி உட்கார்ந்து ரிவர்ஸில் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். சிஆர்-வியிடம் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

எங்கள் வீட்டில் நான் லிவரைப் போட்டு இறங்குவேன், ரிவர்ஸ்-டிரைவ் சோதனையை என் மனைவி தனியாக உட்கார்ந்து செய்வாள். நான் வெளியே பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இறுதியாக மோட்டார்ஹோமை இருபது அடி முன்னால் நகர்த்தும்போது அவள் பக்கவாட்டில் நின்று ராங்ளரின் நாலு சக்கரமும் உருளுகின்றனவா என்று பார்த்துக் கையசைப்பாள். அதே நகர்வில், இரண்டு வண்டிகளையும் இணைக்கும் டோ பாரின் இரண்டு கைகளும் நீண்டு, ஒவ்வொன்றாக 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். இரண்டு சத்தம் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பி இன்னும் பத்தடி நகர்த்தினால் மற்றதும் விழும். தரை சமமில்லாத இடத்தில் கழற்றும்போதுதான் வேடிக்கை. டோ பாரின் கை இறுகிப் பூட்டிக்கொண்டு இணைப்பு ஊசி வெளியே வராது. இறுகினாலும் விடுபடும் லிவர் உள்ள டோ பாராகப் பார்த்து வாங்குங்கள், நூறு டாலர் கூடினாலும் பரவாயில்லை. ஒரு விஷயம் மூன்று காருக்கும் பொது: காரைக் கட்டியபடி ரிவர்ஸ் எடுக்க முடியாது. முன்சக்கரங்கள் தாறுமாறாகத் திரும்பி டோ பாரை வளைத்துவிடும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்னரே வெளியே போகும் வழியைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து மறுவிற்பனை. ராங்ளர் வாங்கும்போது விலை கடிக்கும். அதே வயது, அதே மைல் ஓடிய சிஆர்-வியை விட நன்றாகவே கூடுதல். ஆனால் விற்கும்போது அந்தக் கூடுதலில் பெரும்பகுதி திரும்பி வரும், மதிப்பு மெதுவாக இறங்குவதில் ராங்ளருக்குப் பெயர் உண்டு. இது எல்லோரும் சொல்வதுதான். அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்றைச் சொல்கிறேன். மோட்டார்ஹோமுக்குப் பின்னால் வாழ்ந்த காரின் ஓடோமீட்டர் முழு உண்மையையும் சொல்லாது. சாவி அணைத்த நிலையில் இழுத்த மைல்கள் மீட்டரில் ஏறுவதில்லை. டயரும் வீல் பேரிங்கும் ஓடியது ஓடியதுதான். பம்பருக்குக் கீழே, டோ பாரை மாட்டுவதற்காகப் பொருத்திய பேஸ்பிளேட்டின் இரண்டு முனைகளைப் பார்த்ததுமே, விவரம் தெரிந்தவர் கேட்பார்: எவ்வளவு இழுத்தீர்கள், எப்படி இழுத்தீர்கள்? சிஆர்-வியில் முந்தையவர் ஒவ்வொரு முறையும் சடங்கைச் சரியாகச் செய்தாரா என்று வாங்குபவருக்குத் தெரிய வழி இல்லை, அவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு 2013 சிஆர்-வியில் பேஸ்பிளேட், லைட் வயர், எல்லாம் தயாராக இருந்தது. இரண்டாயிரம் டாலர் வேலை மிச்சம். ஓட்டிப் பார்த்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று வந்துவிட்டோம். ராங்ளரில் அதே கேள்விக்கு அவ்வளவு கனம் இல்லை. கியர்பாக்ஸ் சுற்றவே இல்லையே! டிரான்ஸ்பர் கேஸ் எண்ணெயை மாற்றிவிட்டு, பேரிங்கில் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டால் பெரும்பாலும் முடிந்தது.

மாட்டும் செலவிலும் ராங்ளருக்குக் கொஞ்சம் சாதகம். பேஸ்பிளேட் போட சிஆர்-வியிலும் மேவரிக்கிலும் முன் பம்பரின் பிளாஸ்டிக் முகத்தையே கழற்ற வேண்டும், சில இடங்களில் வெட்டவும் வேண்டும். ராங்ளரில் சட்டத்தின் நுனி வெளியிலேயே இருப்பதால் வேலை சுலபம். டோ பார், பேஸ்பிளேட், பாதுகாப்புக் கேபிள், லைட் வயர், துணை பிரேக், கார் பிய்ந்து போனால் அதன் பிரேக்கைத் தானாகப் போடும் சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்தால் எந்தக் காருக்கும் நாலாயிரம் டாலர் பக்கம் வந்துவிடுகிறது. வயரை நானே இழுத்ததால் கொஞ்சம் மிச்சம். ராங்ளரின் பின்விளக்குகள் கையெட்டும் இடத்தில் இருப்பதால் ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிந்தது. ஹிட்ச் உயரமும் காரின் பேஸ்பிளேட் உயரமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையில் ஏற்ற இறக்கத் துண்டு ஒன்று போட வேண்டும். ராங்ளர் உயரமான வண்டி என்பதால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தாழ்வான கார்களுக்கு அனேகமாக வேண்டியிருக்கும்.

ராங்ளரின் குறைகளையும் சொல்லாவிட்டால் என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். நெடுஞ்சாலையில் காற்றுச் சத்தத்தில் பாட்டு கேட்காது. ஊருக்குள் கேலனுக்குப் பதினாறு மைல், வெளியே இருபது. மாமியார் ஏற ஒரு சின்ன முக்காலி எப்போதும் வண்டியில் கிடக்கிறது. பியர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்கு அவரை அதில் அழைத்துப் போய் இறக்கியபோது, "மாப்பிள்ளை, இதை மாத்திடுங்க" என்று சன்னிதிக்குப் போகும் முன்னரே வேண்டுதல் வைத்துவிட்டார். இரண்டு கதவு மாடலைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள், பின்சீட்டுக்குப் பெரியவர்கள் போகவே முடியாது. எடை இருநூறு முந்நூறு பவுண்ட் குறையும் என்பதற்காக அந்தப் பாடு வேண்டாம்.

இழுக்கும்போது வரும் குறை ஒன்றும் உண்டு. ராங்ளரின் முன் அச்சு ஒரே இரும்புத் துண்டு. அச்சைப் பிடித்திருக்கும் டிராக் பாரின் புஷ், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்ட் தேய்ந்துபோனால், ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் முன்சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஓட்டும்போது என்றால் உடனே வேகத்தைக் குறைப்போம். இழுக்கும்போது அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பின்னோக்கும் கேமராவை எப்போதும் போட்டு வைக்க வேண்டும், ஆட்டம் தெரிந்தால் மெதுவாக நிறுத்த வேண்டும். அதிர்வை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரைப் புதிதாக மாற்றினால் ஆட்டம் அடங்கியது போலத் தோன்றும். ஆனால் தேய்ந்த பாகம் உள்ளே அப்படியேதான் இருக்கும். எங்களுக்கு அந்த ஆட்டம் வந்ததில்லை. பெரிய டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் போட்ட வண்டிகளைத் தவிர்த்துவிட்டு, கம்பெனியில் வந்தபடியே இருந்ததைத் தேடி வாங்கியது ஒரு காரணமாக இருக்கலாம்.

யாருக்கு ராங்ளர் வேண்டாம் என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆர்வி வருடத்தில் இரண்டு வாரம்தான் ஓடும், மீதி நாளெல்லாம் இந்தக் காரிலேயே அலுவலகம் போய் வர வேண்டும் என்றால் மேவரிக் ஹைப்ரிட் பக்கம் போங்கள், பெட்ரோல் மிச்சமே பேசும். கையில் பணம் குறைவு, படிகளைத் தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஒன்று விடாமல் செய்யும் ஆள் என்றால் 2014 சிஆர்-வி இன்னும் நல்ல கார்தான். எனக்குத் தெரிந்த ஒரு கேரளத் தம்பதி அதைத்தான் இழுக்கிறார்கள். கணவர் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சடங்கு ஒரு பாரமே இல்லை.

ராங்ளர்தான் என்று முடிவு செய்தவர்கள் பழைய வண்டி பார்க்கப் போகும்போது: 3.6 லிட்டர் இன்ஜின் 2012-ல் வந்தது. 2012-லும் 2013-ன் தொடக்கத்திலும் வந்தவற்றில் இடப்பக்க சிலிண்டர் ஹெட் தொல்லை இருந்தது, அதனால் அதற்குப் பிந்தையதாகப் பாருங்கள். இன்ஜின் நடுவில் இருக்கும் ஆயில் கூலர் கூட்டிலிருந்து எண்ணெய் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இந்த இன்ஜினில் அது சகஜம், விலை பேச உதவும். டிரான்ஸ்பர் கேஸ் லிவரை நான்கு நிலைகளுக்கும் போட்டுப் பாருங்கள். இணைப்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தால் லிவர் தொளதொளவென்று ஆடும், நியூட்ரலில் விழுந்ததா என்று கைக்குத் தெரியாது. மலிவான பாகம்தான், ஆனால் மாற்றாமல் இழுக்கக் கூடாது. விற்பவர் முன்னாலேயே நியூட்ரலில் போட்டு ரிவர்ஸ், டிரைவ் சோதனையைச் செய்யுங்கள். அப்புறம் பார்க்கில் போட்டு, இறங்கி, இரண்டு பேராகத் தள்ளுங்கள். பார்க்கில் நிற்கும் வண்டி உருண்டு போனால் சரியான வண்டி. விற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கை பிரேக் போடாமல் பார்க்கில் விட்ட தன் ஜீப் இப்படி நகரும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.